4 ஜிபி மடிக்கணினிக்கு ஏற்ற லினக்ஸ்: என் அனுபவம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. என் மடிக்கணினியோ 11-ஐ ஏற்காத பழசு. நினைவகம் 4 ஜிபிதான். ஆனாலும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாற முடிவுசெய்தேன். முதலில் அதன் ஒரு வகையான உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். அழகுதான். ஆனால் அதன் க்னோம் முகப்பு இந்தச் சிறிய நினைவகத்தில் தாராளமாகக் கை வைக்கிறது. எனவே உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22-இல், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்புள்ள பதிப்பை நிறுவினேன். தோற்றம் கொஞ்சம் பழைய பாணி; எனக்கு அதில் குறையில்லை.

உலாவியில் நிறையத் தாவல்களைத் திறந்தால் மட்டும் சுட்டி உறைந்து நின்றது. அதற்கு மருந்து ஸெட்ரேம். வன்வட்டுக்குத் தள்ள வேண்டியதை நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் வசதி இது. ஸெட்ரேம்-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, அமைப்புக் கோப்பில் அளவை 50 சதவீதமாக்கி, கணினியை மறுபடி தொடங்கினேன். வன்வட்டின் ஓயாத கரகரப்பு அடங்கியது.

அடுத்து தமிழ். பல மொழிகளில் தட்டச்சிட உதவும் ஐபஸ் என்ற மென்பொருள், அதற்குத் தமிழ் விசைப்பலகைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி நுழைய வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுத்தான் பலர் 'தமிழ் வரவில்லை' என்று புலம்புகிறார்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைச் சேர்த்தேன். 'அம்மா' என்று அடிக்க மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. இந்தச் சுகத்துக்காகவே வேறு விசைப்பலகைக்கு நான் மாறுவதில்லை.