தெரிந்த முகம் காட்டி ஏமாற்றும் பழைய ஆங்கிலச் சொற்கள்

உங்கள் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படித்திருக்கிறீர்களா? இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போக விடுங்கள் என்று இருக்கும். லெட் என்றால் அனுமதிப்பதுதானே, அப்புறம் ஏன் 'அனுமதி இல்லாமல்' என்கிறார்கள்? இந்த லெட்டுக்குப் பொருள் தடை. அனுமதிக்கும் லெட் வேறு, தடுக்கும் லெட் வேறு. தனித்தனியாக இருந்த இரண்டு சொற்கள் காலப்போக்கில் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. தடுக்கும் லெட் பேச்சில் செத்துப்போனாலும், டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு விழும்போது இன்னும் காதில் விழுகிறது.

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். தெரிந்த சொல்லுக்கு யார் புரட்டுகிறார்கள்? அங்கேதான் வழுக்குகிறது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், உயிரோடிருக்கும் நாம் நித்திரையடைந்தவர்களை 'பிரிவென்ட்' செய்ய மாட்டோம் என்று தெசலோனிக்கேயர் நிருபத்தில் ஒரு வசனம் வரும். தடுக்க மாட்டோம் என்று படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. முன்னால் போவது என்பதுதான் அன்றைய பொருள். தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'முந்திக்கொள்வதில்லை' என்று பளிச்சென்று இருக்கிறது. கிங் ஜேம்ஸில் 'மீட்' என்று வந்தால் கறி நினைவுக்கு வர வேண்டாம், பெரும்பாலும் பொதுவாக உணவுதான். 'கார்ன்' மக்காச்சோளம் இல்லை, தானியம்.

இப்படிப்பட்ட இடங்களில் இன்றைய பொருளை மட்டும் தரும் மாணவர் அகராதி உதவாது. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி பழைய பொருளிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்லும்.

ஷேக்ஸ்பியரின் ஜூலியட் மாடத்தில் நின்று கேட்கும் 'வேர்ஃபோர்' இன்னொரு கண்ணி. பள்ளி ஆண்டு விழா நாடகங்களில் ஜூலியட் நெற்றியில் கை வைத்து ரோமியோவைத் தேடுவதை நானே பார்த்துக் கைதட்டியிருக்கிறேன். அவள் எங்கே என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கிறாள். பகைவர் குடும்பத்துப் பிள்ளையாக, ரோமியோவாக நீ ஏன் இருக்கிறாய் என்பதுதான் அவள் புலம்பல்.

'தவ்' என்பதை மரியாதைச் சொல்லாக நினைப்பவர்கள் ஏராளம். கடவுளை அப்படி அழைப்பதால் வந்த குழப்பம். நாமும்தான் முருகனை நீ என்கிறோம், மேலதிகாரியை அப்படிச் சொல்வோமா? தவ் என்பது 'நீ'. நெருக்கத்திலும் வரும், மட்டம் தட்டவும் வரும். 1603-இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலேயின் ராஜதுரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், உன்னை 'தவ்' என்றே சொல்வேன், துரோகியே என்று சீறினார். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சூடு வராது. நமக்கு விளக்கமே தேவையில்லை. சும்மா பழைய வாசனைக்காக எழுதுகிறவர்கள் 'தவ் கோஎத்' என்று போட்டுவிடுகிறார்கள். அவன் போகிறான் என்பதற்குத்தான் கோஎத், நீ போகிறாய் என்றால் 'தவ் கோஎஸ்ட்'.

கடைசியாக, இங்கிலாந்துக் கடைப் பலகைகளில் காணும் 'யீ ஓல்ட்'. அதை 'தி ஓல்ட்' என்றே படிக்க வேண்டும். 'த' ஒலிக்கு முன்பு தார்ன் என்று தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது ஒய் போலவே ஆகிவிட்டது, அச்சுக்காரர்களும் ஒய்யையே கோத்தார்கள். பைபிளில் வரும் 'யீ' மட்டும் உண்மையிலேயே யீதான். அது 'நீங்கள்'.