அறுபதுக்குப் பின் தன்னைப் பற்றிய எண்ணத்தைச் சீர்படுத்துவது எப்படி?

முதுமையைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் எண்ணம் அவருடைய ஆயுளோடும் தொடர்புடையது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரின் தகவல்களை ஆராய்ந்த உளவியலாளர் பெக்கா லெவி குழுவினர், தம் முதுமையை நல்லவிதமாகக் கருதியவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாக 2002இல் தெரிவித்தனர். வயது, பொருளாதார நிலை, தனிமை, உடல்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. எண்ணம் ஒன்றே காரணம் என்று இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. எனினும் பொருட்படுத்தாமல் விடக்கூடிய செய்தி அல்ல இது.

முதலில், 'வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்' என்று எப்போதெல்லாம் சொல்கிறீர்கள் என்பதை ஒரு வாரம் கவனியுங்கள். அடக்கமான பேச்சுபோலத் தோன்றும் இச்சொல்லை நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏனெனில் அது காரணம் தேடும் முயற்சியையே நிறுத்திவிடுகிறது. ஓயாத சோர்வுக்கு இரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ காரணமாக இருக்கலாம். மறதிக்குப் பி12 வைட்டமின் குறைவும், பார்வை மங்கலுக்குக் கண்புரையும் காரணமாகலாம். இவை யாவும் சிகிச்சைக்கு உட்பட்டவை. ஆகவே அச்சொல் நாவில் வரும்போதெல்லாம், 'இதை மருத்துவரிடம் காட்டினேனா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்களால் முடியும் என்பதற்கு உங்களுக்கே சான்று தேவை. தன்னம்பிக்கையின் வலிமையான ஊற்று, ஒரு செயலைத் தானே செய்து முடித்த அனுபவமே என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் விளக்கினார். வெறும் புகழுரை அவ்வளவு தூரம் உதவுவதில்லை. சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்று எண்ணி, நாட்காட்டியில் குறித்துவைத்துச் சிறிது சிறிதாகக் கூட்டி வாருங்கள். தலைச்சுற்றலோ மூட்டுவலியோ இருந்தால், முதலில் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. பேரனிடம் கொடுத்துச் செய்விக்கும் கைப்பேசிப் பணப்பரிமாற்றத்தையும் அவன் அருகில் இருக்க நீங்களே செய்து பழகலாம்.

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. அன்பினால்தான் என்றாலும், அம்மாவின் கையிலிருந்து எல்லா வேலையையும் பறித்துக்கொள்வது, அவரால் ஒன்றும் ஆகாது என்று நாள்தோறும் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம், உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை நீடித்தால், எண்ணத்தை மாற்றிக்கொள்ளுமாறு யாரும் அறிவுரை கூறிக்கொண்டிருக்கலாகாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரை அணுக வேண்டும், அல்லது இந்திய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.