பாலாக் ரோட்டில் கூட்டமாக சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலாக் என்றால் மலாயில் வெட்டிய மரம். மலேசியக் காட்டுக்குள் ஓடும் பாலாக் ரோடு ஆட்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகப் போட்டதல்ல, வெட்டிய மரத்தை வெளியே இழுத்து வரப் போட்டது. இது மண்டையில் ஏறிவிட்டால் பாதி ஆபத்து குறைந்த மாதிரி. உள்ளே போகப் போக அது கிளை கிளையாகப் பிரியும், ஒவ்வொரு கிளையும் எங்கேயோ ஒரு பழைய அடிமரத்தின் முன்னால் போய் நின்றுவிடும், அதற்கு அப்பால் வழி கிடையாது. மலாயில் ஜாலான் மாத்தி என்பார்கள், செத்த பாதை. சாட்டிலைட் படத்தில் இரண்டு ரோட்டு முனைகளுக்கு நடுவே அரை அங்குலம்தான் இருக்கிறது, இறங்கித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொன்னால் அந்த ஆளை முன்னால் விடாதீர்கள். அந்த அரை அங்குலத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும், ஓர் ஆறு இருக்கும், ஆள் உயரத்துக்குப் பிரம்பு முள் இருக்கும்.

நான் சொல்வது பெந்தோங், ரவூப், குவாலா குபு பாரு, சுங்கை சிப்புட் என்று தீபகற்ப மலேசியாவில் தித்திவாங்சா மலைத்தொடரை ஒட்டிய காடுகளுக்குப் பொருந்தும். சபா, சரவாக் கதை வேறு, அங்கே ரோடும் பெரிது, லோரியும் பெரிது.

அனுமதி விஷயத்தை முடித்துவிட்டு அப்புறம் சைக்கிளைத் தொடுங்கள். ஹுத்தான் சிம்பான், அதாவது ஒதுக்கப்பட்ட வனப்பகுதி என்றால் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் நுழைவு அனுமதி வாங்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் உள்ளே போனால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். பலர் கண்டுகொள்வதில்லை, தெரியும். ஆனால் உள்ளே ஒருவர் காலை முறித்துக்கொண்டால் தேடி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வழிகாட்டி கட்டாயமா, எந்தப் பக்கம் இப்போது மரம் வெட்டுகிறார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர்? நாலுக்குக் குறைந்து வேண்டாம். ஒருவர் விழுந்தால் ஒருவர் கூட இருக்க, இரண்டு பேர் உதவிக்குப் போக ஆள் வேண்டும். எட்டுக்கு மேலும் வேண்டாம். ஒருவர் டயர் பஞ்சரானால் எல்லோரும் நிற்கிறோம், இன்னொருவர் காலில் ஒட்டிய அட்டையை எடுக்க நிற்கிறார், மூன்றாமவர் படம் எடுக்க நிற்கிறார். எட்டுப் பேர் போனால் நிற்பதெல்லாம் சேர்த்து மணிக்கு 6, 7 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். தார் ரோட்டில் 100 கிலோமீட்டர் ஓட்டுகிற ஆசாமி "வெறும் 30 கிலோமீட்டர்தானே" என்பார். அந்த முப்பதே ஐந்து மணி நேர வேலை.

நேரத்தை முன்கூட்டியே எழுதி வையுங்கள். காலை 7.30க்கு மிதிக்க ஆரம்பிக்க வேண்டும், அதாவது ரொட்டி சானாய்க் கடையில் 6.30க்கே இருக்க வேண்டும், இரண்டாவது தே தாரேக் டீக்கு நேரம் கிடையாது. மதியம் 12 மணி ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். நீர்வீழ்ச்சி இன்னும் 2 கிலோமீட்டரில் இருந்தாலும் சரி. மேற்குப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது சாதாரணம். கிழக்குக் கரைப் பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை போகவே வேண்டாம். இங்கே சூரியன் மறைய 7 மணிக்கு மேல் ஆகிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள், மரத்தடியில் ஆறரைக்கே கண் தெரியாது. ஆளுக்கொரு தலைவிளக்கு பையில் கிடக்கட்டும்.

இனி கூட்டத்தை ஓட்டும் முறை. வழி தெரிந்தவர் முன்னால், பழுது பார்க்கத் தெரிந்தவர் கடைசியில். கடைசி ஆளை முன்னால் விட்டுவிட்டு யாரும் பின்னால் நிற்கக் கூடாது, அவரும் யாரையும் தாண்டக் கூடாது. சந்தி வந்தால் ஒரே சட்டம்: உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்களைக் கண்ணால் பார்க்கும்வரை சந்தியை விட்டு நகராதீர்கள். குரல் கேட்டது, பிரேக் சத்தம் கேட்டது எல்லாம் கணக்கில்லை, முகம் தெரிய வேண்டும்.

இந்தச் சட்டத்தை நாங்கள் அனுபவப்பட்டுத்தான் போட்டோம். ஒரு முறை ரவூப் பக்கம், இறக்கத்தின் நடுவில் இடதுபுறம் ஒரு கிளை. நான்தான் மூன்றாவது ஆள். பின்னால் வந்த தம்பியின் சத்தம் கேட்டதே, வந்துவிடுவான் என்று இறங்கிவிட்டேன், நல்ல இறக்கம், நிற்க மனசில்லை. அவனும் அவனுக்குப் பின்னால் இருந்த அண்ணனும் இடதுபக்கம் போய்விட்டார்கள். அந்தக் கிளை ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கி ஒரு சதுப்பில் முடிகிறது. திரும்பி ஏறி வர அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம், அதற்குள் அவர்களைத் தேடி நாங்கள் வேறு கிளைக்குள் போய், அப்புறம் அவர்கள் எங்களைத் தேடி. கடைசியில் அண்ணன் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் கையை நீட்டிக் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

உள்ளே போகும்போது பிரிகிற கிளைகள் திரும்பி வரும்போது சேரும், அதனால் வந்த வழியே திரும்புவது சுலபம் என்று நினைப்போம். பெரும்பாலும் சரிதான், ஆனால் திரும்பும்போது ரோடு அடையாளமே தெரியாமல் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சந்தியிலும் நின்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், வந்த பக்கத்தைப் படம் எடுங்கள். வரைபடத்தைக் குறைந்தது இரண்டு பேர் கைப்பேசியில் இறக்கி வைத்திருக்க வேண்டும், சிக்னல் இருக்காது.

பாதையின் வயதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் நல்லது. செம்மண் பளிச்சென்று, அகலமாக, டயர் தடம் ஆழமாக இருந்தால் இப்போதும் லோரி ஓடுகிறது. சில ஆண்டுகள் விட்ட ரோட்டில் லாலாங் புல் நடுவே வளர்ந்து, மழைநீர் அறுத்த பள்ளத்தை மூடியிருக்கும். சக்கரம் இறங்கியபிறகுதான் பள்ளம் இருப்பதே தெரியும். இன்னும் பழையதில் ரெசாம் என்கிற பெரணிச் செடி இரண்டு பக்கமும் கவிந்துவிடும். ஆனால் அதற்குள்ளேயே ஒரு சாண் அகலத்தில் ஒரு தடம் ஓடினால் சந்தோஷப்படுங்கள், அது ஓராங் அஸ்லி என்கிற பழங்குடி மக்களின் மோட்டார் சைக்கிள் தடம். எந்தக் கல்லை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எந்தப் பலகையில் ஏற வேண்டும் எல்லாம் அந்தத் தடத்தில் எழுதியிருக்கிறது, அப்படியே பின்தொடருங்கள். அவர்கள் கம்போங், அதாவது கிராமம் வழியாகப் போகும்போது இறங்கி வணக்கம் சொல்லி, மேலே பாலம் இருக்கிறதா, யானை வந்ததா என்று கேளுங்கள். எந்தப் படத்தையும்விட அந்தப் பதில் புதியது. அனுமதி கேட்காமல் பிள்ளைகளைப் படம் பிடிக்காதீர்கள்.

லோரி ஓடும் ரோடு என்றால் காதில் பாட்டு கூடாது. மரம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வருகிற லோரியால் உங்களுக்காக நிற்க முடியாது, சில இடங்களில் இன்னும் கதவே இல்லாத பழைய வண்டிகள் ஓடுகின்றன, லோரி ஹந்து என்றே பெயர், பேய் லோரி. சத்தம் கேட்டதும் வளைவில் நிற்காதீர்கள். லோரி திரும்பும்போது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் வால் வெளிப்பக்கம் வீசும். நேரான இடம் பார்த்து, எல்லோரும் ஒரே பக்கமாக, ரோட்டை விட்டு இறங்கி நில்லுங்கள்.

மரப்பாலம் வந்தால் இறங்கி நடந்துவிடுங்கள், இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மரத்துண்டுகளை நீளவாக்கில் அடுக்கியிருப்பார்கள், இடுக்கு சரியாக உங்கள் டயர் அகலம் இருக்கும். ஈரம் வேறு, சோப்பு மாதிரி.

சைக்கிளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், நான் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டயர் 2.3 அங்குலத்துக்குக் குறையாமல், டியூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் சீலண்ட் ஊற்றியது. காற்று 22 முதல் 26 பிஎஸ்ஐ வரை, ஆள் எடையைப் பார்த்து. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே ஒரு ரிங்கிட் நோட்டை மடித்து வையுங்கள், பிளாஸ்டிக் நோட்டு, வீடு வரை தாங்கும். பிரேக் பட்டை உலோகக் கலவையில் போடுங்கள், சேறும் மணலும் சேர்ந்தால் சாதாரணப் பட்டை ஒரே நாளில் தேய்ந்து இரும்பு தெரிந்துவிடும்.

செம்மண்ணைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைக்கிறார்கள். தோசை மாவு மாதிரி தண்ணீராக இருக்கும் சேறு ஒன்றும் செய்யாது, தெறித்துப் போய்விடும். மழை விட்டு மூன்று நான்கு மணி நேரம் வெயில் பட்டு பூரி மாவுப் பதத்துக்கு வரும் பாருங்கள், அதுதான் எமன். பத்துச் சுற்றுக்குள் டயரில் அப்பி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்து, சைக்கிள் அசையாது, தூக்கவும் முடியாது, கனம் இரண்டு மடங்கு. அந்தப் பதத்தில் மிதித்துத் தள்ளினால் பின் கியர் முறியும். இறங்கி, ரோட்டோரத்தில் புல் இருக்கும் பக்கம் சைக்கிளை உருட்டி நடந்து போங்கள். குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு சுரண்டுங்கள், ஓடை வந்தால் பிரேக் வட்டையும் கியரையும் கழுவிவிட்டு அப்புறம் இறக்கத்தில் இறங்குங்கள்.

பின் கியரைச் சட்டத்தோடு சேர்க்கும் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர், ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வோர் அளவு. பக்கத்து ஆளுடையது உங்களுக்குப் பொருந்தாது. எட்டுப் பேரும் அவரவர் ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். ரெசாம் தண்டு கம்பி மாதிரி, சக்கரத்தில் சுற்றி ஒரே இழுப்பில் கியரை ஆரத்துக்குள் கொண்டுபோய்விடும். மிதிக்கும்போது வித்தியாசமாகக் கரகரவென்று சத்தம் வந்தால் அடுத்த மிதி மிதிக்காதீர்கள், அங்கேயே நிறுத்தி இறங்கிப் பாருங்கள். ஹேங்கர் இல்லாமல் மாட்டிக்கொண்டால் செயினைக் கழற்றிச் சுருக்கி, கியர் இல்லாமல் நேராக ஒரே பல்சக்கரத்தில் மாட்டி ஓட்டலாம், பின் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் இது ஓரளவு வேலை செய்யும், இருப்பதில் சக்கரம் ஏறி இறங்கும்போது செயின் நீளம் மாறி நழுவும். அதற்குச் செயின் வெட்டும் கருவியும் செயினை இணைக்கும் இரண்டு குவிக் லிங்க்கும் கடைசி ஆளின் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், உப்புக் கரைசல் பொட்டலம் நாலைந்து. சாப்பாட்டுக்கு நாசி லெமாக் பொட்டலம் போதும், எனர்ஜி ஜெல்லை நம்பி வருகிறவர்கள் இரண்டு மணிக்கு நம் பொட்டலத்தைப் பார்ப்பார்கள். ஒன்று கூடுதலாக வாங்குங்கள்.

ஆற்றில் குளிக்கலாம், ஆனால் கண்ணையும் காதையும் மேல்பக்கம் வையுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையில் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, சைக்கிளைக்கூட எடுக்க நினைக்காமல் கரையேறுங்கள். கெப்பாலா ஆயிர் என்கிற திடீர் வெள்ளம் அது, வந்தபிறகு ஓட நேரம் இருக்காது.

புலியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தீபகற்பக் காட்டில் 150க்கும் குறைவாகத்தான் மிச்சம் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள், நீங்கள் பார்க்கப் போவதில்லை. பயப்பட வேண்டியது யானைக்கு. ஈரம் காயாத சாணமும் புதிதாக முறித்த மூங்கிலும் ரோட்டில் கிடந்தால் விவாதம் வேண்டாம், திரும்புங்கள்.

கடைசி சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள்: எந்த ரோடு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வராவிட்டால் 999 அவசர எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். "சாயங்காலம் வந்துடுவேன்" என்பது தகவல் இல்லை. அடிக்கடி போகிற குழு என்றால் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைப் பங்கு போட்டு வாங்கிவிடுங்கள்.

வெளியே வந்ததும் சிராய்ப்பையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேங்கிய சேற்றுத் தண்ணீரில் எலிச்சிறுநீர் வழியாக லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், சேறு அப்பிய பாட்டில் வாயை அப்படியே உறிஞ்சுவதும் அதனால்தான் கூடாது. அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் டெங்கியைத்தான் முதலில் நினைப்பார்.

அப்புறம் அட்டை. தரையில் இருக்கிற பழுப்பு அட்டை கடித்தது தெரியாது, இலையில் உட்கார்ந்திருக்கிற புலி அட்டை கடித்தால் சுருக்கென்று இருக்கும். பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பித் தட்டிவிடுங்கள். ரத்தம் உறையாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. காரில் ஏறுவதற்கு முன்னால் காலுறையைக் கழற்றி உதறுங்கள், கால்சட்டை மடிப்பைப் பாருங்கள், கையுறைக்குள்ளும் பாருங்கள். போன தடவை நான் பார்க்காமல் ஏறிவிட்டேன், இரண்டு நாள் கழித்து என் மனைவி சூப்பர்மார்க்கெட் வாசலில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்ட சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டது.