சட்டென எழுந்தால் கண் இருட்டுகிறதா?

படுத்திருந்துவிட்டு டக்கென்று எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடும், அதை ஈடுகட்ட இதயம் வேகமெடுத்து ரத்தக் குழாய்கள் சுருங்குவதற்குள் சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவது, அதுவும் ராத்திரி பாத்ரூம் போக எழும்போது. முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்காருங்கள், பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், அப்புறம் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். வீட்டில் பிபி மெஷின் இருக்கிறதா? 5 நிமிடம் படுத்திருந்து ஒரு தடவை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்த எண்களை டாக்டரிடம் காட்டுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.