சமூக வானொலிக்கு அரைமணி நேர நிகழ்ச்சி: கைபேசியில் பதிவு செய்து கொடுப்பது எப்படி?

சமூக வானொலியில் நேரம் கேட்டு வாங்குவதைவிட, வாங்கிய நேரத்தை வாராவாரம் தக்கவைப்பதுதான் கடினம். சொல்ல விஷயம் தீர்ந்துபோய் நின்ற நிகழ்ச்சிகள் குறைவு. பேச்சு புரியாமலும், கோப்பு நேரத்துக்கு வராமலும் நின்றவைதான் அதிகம்.

நேரம் கேட்கப் போகும்போது ஐந்து நிமிட மாதிரிப் பதிவையும், அடுத்த நான்கு வாரத் தலைப்புகளையும் கொண்டுபோங்கள். நிகழ்ச்சி எத்தனை நிமிடம், எத்தனை நொடி? கோப்பு எந்த வடிவில் வேண்டும்? எத்தனை நாள் முன்னால் தர வேண்டும்? மறுஒலிபரப்பு உண்டா? இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் திரும்பாதீர்கள். அரைமணி நேரம் என்று சொன்னாலும், நிலைய அறிவிப்புகள் போக உங்களுக்கு 28 நிமிடம் 30 நொடிதான் மிஞ்சலாம். அதைத் தாண்டினால் கடைசி வாக்கியம் பாதியில் வெட்டுப்படும். மறுஒலிபரப்பு உண்டென்றால் ‘இன்று’, ‘நாளை’ வேண்டாம். தேதியையும் கிழமையையும் சொல்லுங்கள். முகாம் முடிந்த பிறகும் ‘நாளை முகாம்’ என்று ஒலித்தால் ஆட்கள் வீணாக அலைவார்கள்.

பதிவுக்குச் சின்ன அறை நல்லது, வெற்றுச் சுவர் ஆகாது. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘டங்’ என்று எதிரொலித்தால் சுவரோரம் போர்வை தொங்கவிடுங்கள், அல்லது துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். வீட்டுச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், திரும்பப் போட மறக்காது. கைபேசி விமானப் பயன்முறையில் இருக்கட்டும். நடுவில் அழைப்பு வந்தால் பல செயலிகள் பதிவை நிறுத்திவிடும்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண். தொலைவு இரட்டிப்பானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் குறையும்; அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்பது இதனால்தான், எந்த மென்பொருளாலும் அதை முழுதாக நீக்க முடியாது. மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கன்னத்துப் பக்கம் சற்றே ஒதுக்குங்கள். ‘பள்ளி’, ‘பயிர்’ என்னும்போது ‘ப’வோடு கிளம்பும் காற்று மைக்கில் மோதாது. பதிவுச் செயலியின் ஒலி அளவுகோலில் உச்சமும் கழித்தல் 12க்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். சுழியத்தைத் தொட்டால் ஒலி நொறுங்கும், நொறுங்கியது நொறுங்கியதுதான்.

செயலியின் அமைப்பில் வேவ் (WAV) வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) போதும். நிமிடத்துக்குச் சுமார் 5.8 மெகாபைட், அரைமணிக்கு 173 என்று கணக்கிட்டு இடம் ஒதுக்குங்கள். பேச்சுக்கு ஸ்டீரியோ (இடது, வலது என இரு தடம்) தேவையே இல்லை. மூன்று முனை மைக் வயரைத் தவறான அடாப்டர் வழியாக ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகினால், இடது தடமும் வலது தடமும் ஒன்றுக்கொன்று தலைகீழான அலையாகப் பதிவாகும். ஹெட்ஃபோனில் குரல் கேட்கும். ஒற்றை ஒலிபெருக்கி வானொலியிலோ இரண்டும் கழிந்து குரல் மறைந்துபோகும். கேட்பவர்களில் பலரிடம் இருப்பது அந்த வானொலிதான்.

பேட்டி என்றால், ஒலிபரப்பச் சம்மதம் என்பதை முதலில் அவர் வாயாலேயே பெயரோடு பதிவு செய்யுங்கள். அவர் பேசும்போது ‘ம்ம்’ கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். வார்த்தை மேல் விழுந்த ‘ம்ம்’மைப் பிரித்தெடுக்க முடியாது. பேட்டி முடிந்ததும் யாரும் எழுந்துவிடாமல் அரை நிமிடம் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களில் இந்த அறையொலியைத்தான் நிரப்ப வேண்டும்; வெறும் நிசப்தம் வைத்தால் ஒலி அறுந்தது போலக் காதில் உறைக்கும்.

வானொலியைப் பாதியில் திருப்புகிறவர்களே அதிகம். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை யார் பேசுகிறார், எதைப் பற்றி என்று சொல்லிவிடுங்கள். தொலைபேசி எண்ணை மெதுவாக இரண்டு தடவை சொல்லுங்கள். கேட்பவர் பேனா தேட வேண்டும். நாடகத்துக்காகக்கூட நீண்ட மௌனம் வேண்டாம். பல நிலையங்களில் மௌனத்தைக் கண்டறியும் கருவி உண்டு. ஒலிபரப்பு நின்றுவிட்டதென்று எண்ணி அது வேறு பாட்டைப் போட்டுவிடும். திரைப்பாடலை உரிமை இல்லாமல் சேர்க்காதீர்கள். தெரிந்த பாடகரையோ தவில்காரரையோ அனுமதியோடு பதிவு செய்யுங்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக இணையுங்கள்; குரல்செய்தியாகப் பதிந்து அனுப்பினால் ஒலி சுருங்கித் தரம் போய்விடும். பெயரில் நிகழ்ச்சி, ஒலிபரப்புத் தேதி, நீளம் மூன்றும் இருக்கட்டும். ‘கடைசி’, ‘புதிய கடைசி’ என்று இரண்டு கோப்பு போனால் தவறானதுதான் ஒலிபரப்பாகும். எந்த வாரத்துக்கும் பொருந்தும் இரண்டு நிகழ்ச்சிகளை முதல் மாதத்திலேயே முடித்து நிலையத்திடம் கொடுத்துவையுங்கள். காய்ச்சலில் குரல் போன வாரம் அதில் ஒன்று ஓடும்.