பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அலாரமும் இம்மொபிலைசரும் மக்கர் பண்ணினால் எங்கிருந்து தொடங்குவது?

வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தாலோ, நிறுத்தி வைத்த இடத்திலேயே தானாக அலறினாலோ, எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இம்மொபிலைசர் பெட்டியைத்தான் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத கருவி அது). அதை மாற்றுவதுதான் செலவு பிடித்த வேலை. ஆனால் பழைய வண்டிகளில் பெரும்பாலும் பெட்டியைச் சுற்றித்தான் கோளாறு இருக்கும்: பலவீனமான பேட்டரி, துருப்பிடித்த சுவிட்ச், கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீர். அதனால் காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, பெட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

மல்டிமீட்டர், டார்ச், ரிமோட்டுக்குப் புது செல், வண்டியின் கையேடு, இரண்டாவது சாவி. இவ்வளவு போதும்.

1. எது கோளாறு என்று பிரித்துப் பாருங்கள்

அலாரம் வேறு, இம்மொபிலைசர் வேறு. கதவு, பானெட், டிக்கி திறக்கப்படுவதைக் கவனித்துச் சத்தம் போடுவது அலாரம். சாவி சரியானதா என்று பார்த்து எஞ்சினை ஓட விடுவது இம்மொபிலைசர்; அது சத்தமே போடாது.

சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து ஓரிரு வினாடியில் அணைந்துவிடுகிறது என்றால் இம்மொபிலைசர் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். செல்ஃபே எடுக்கவில்லை என்றால் பேட்டரியாகவும் இருக்கலாம், ஸ்டார்ட்டர் வயரை இம்மொபிலைசர் துண்டித்திருக்கவும் கூடும். டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு மின்னுகிறதா என்றும் பாருங்கள்.

2. பேட்டரி

வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். அப்புறம் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள். பேட்டரியை சார்ஜ் செய்து, தேவைப்பட்டால் மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் வோல்ட்டேஜ் சரிந்தால் கன்ட்ரோல் யூனிட் குழம்பிப்போய், சரியான சாவியைக்கூட ஏற்காமல் போகலாம்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்பவை. அலாரம் அந்த நேரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் அணைந்து வண்டி தூங்கிய பிறகு இழுப்பு 50 மில்லிஆம்ப்பியருக்குள் இருந்தால் பொதுவாகச் சரி. அதை அளக்க மீட்டரைத் தொடரில் (பேட்டரிக்கும் அதன் வயருக்கும் இடையில்) கோத்திருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் போய்விடும். பேட்டரியைக் கழற்றும் முன் ரேடியோ கோடு (பேட்டரி இணைப்பு போய் வந்ததும் ரேடியோ கேட்கும் ரகசிய எண்) கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. சாவி

சாவிக்குள் இரண்டு தனித்தனிச் சமாச்சாரங்கள் உண்டு. கதவைத் திறக்கும் ரிமோட்டுக்குச் செல் வேண்டும். எஞ்சினுக்கு அனுமதி வாங்கித் தரும் சிப்புக்கு செல் வேண்டாம். சாவித் துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்தான் (coil) அதற்குச் சக்தி தருகிறது. அதனால் ரிமோட் செத்துப்போனாலும் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகும். ஆனால் ரிமோட்டை வைத்தே இம்மொபிலைசரை விடுவிக்கும் பழைய வண்டிகளும் இருக்கின்றன. செல் மாற்றியதும் அவற்றில் ரிமோட்டை மறுபடி இணைக்க வேண்டி வரலாம். அந்த முறை கையேட்டில் இருக்கும்.

வளையத்திலிருந்து மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு முயலுங்கள். அடுத்து இரண்டாவது சாவி. அதில் ஸ்டார்ட் ஆனால் கோளாறு சாவியில்தான். சாவிக் கூட்டை மாற்றியிருந்தால் பழைய கூட்டைத் தேடுங்கள்: சிப் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கருப்புத் துண்டு, கூட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் பலர் கூட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

4. காரணமில்லாமல் அலறுகிறதா?

முதல் சந்தேகம் பானெட் சுவிட்ச். நீர் படும் இடத்தில் இருப்பதால் துருப்பிடிக்கும், சிக்கிக்கொள்ளும். மீட்டரின் முனைகளை சுவிட்சில் வைத்துக்கொண்டு, சுவிட்சை விரலால் அழுத்துங்கள். அழுத்தும்போதும் விடும்போதும் மீட்டர் காட்டுவது மாற வேண்டும். சைரனுக்குள் தனி பேட்டரி உள்ள வகை என்றால், வயதாகி அது கசிந்து சர்க்யூட் போர்டை அரித்திருக்கலாம். அது நேர்ந்த சைரனை மாற்றுவதே நல்லது.

5. தண்ணீர்

துணிக்கூரை வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. போர்ஷே பாக்ஸ்டர் 986-இல் இம்மொபிலைசர் யூனிட் இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. கூரை மடங்கும் இடத்து வடிகால் துளைகளை இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி நேராக அதைத்தான் நனைக்கும். கார்ப்பெட்டை மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்ததாகவே தெரியும்; அடியில் உள்ள நுரைப் பஞ்சை அழுத்திப் பாருங்கள். நனைந்திருந்தால் சாவியைப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, யூனிட்டை எடுத்து, பச்சைப் படிவு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். வடிகாலைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் அடுத்த மழையில் இதே கதைதான்.

6. வெளியே வாங்கிப் பொருத்திய அலாரம்

ஐரோப்பாவில் 1998-இல்தான் புது கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அதைப் பின்னால் யாரோ பொருத்தியிருப்பார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் கருப்பு டேப் சுற்றிய வயர்களைத் தேடுங்கள். ஸ்டார்ட்டர், இக்னிஷன், பெட்ரோல் பம்ப் என்று இரண்டு மூன்று வயர்களை வெட்டி இடையில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கோத்திருப்பார்கள். ஒவ்வோர் இணைப்பையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள்; கையோடு வந்துவிட்டால் அதுவே குற்றவாளி. ரிலே காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வட்ட விரிசல் இருந்தால் மறுபடி சால்டர் செய்யலாம். மஞ்சள் கனெக்டர்களில் மட்டும் கை வைக்காதீர்கள், அவை பொதுவாக ஏர்பேக்குக்குப் போகிறவை. இம்மொபிலைசரையே தாண்டி வயர் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திருட்டுப் பாதுகாப்பும் போகும், இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

இத்தனைக்கும் பிறகும் சாவியை ஏற்கவில்லை என்றால், அந்த மாடலுக்கு ஏற்ற ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டியதுதான். போகும்போது எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். பல வண்டிகளில் புதிதாகச் சாவியைப் பதியும்போது, அந்த நேரத்தில் கையில் இல்லாத சாவிகள் அழிந்துவிடும்.