கடல்மேடை நோக்கிய செய்மதி வழிகாட்டல்: சோதனைப் பறப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலில் நிற்கும் எண்ணெய், எரிவாயு மேடைகளை மேகமும் மூடுபனியும் மறைக்கும்போது, உலங்குவானூர்திகள் நெடுங்காலமாக வானிலை ராடாரை நம்பியே அவற்றை நெருங்கி வந்துள்ளன. அந்தத் திரையில் மேடையும் அதன் அருகில் நிற்கும் கப்பலும் ஒரே மாதிரியான புள்ளிகளாகவே தோன்றும். அதனால் மேடைக்கு 0.75 கடல்மைல் தூரத்துக்குள் வந்தும் அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் விமானி விலகிவிட வேண்டும் என்பது வழமையான விதி. ஜிபிஎஸ் கணிப்பின் பிழையைத் திருத்தி அனுப்பும் ஐரோப்பாவின் எக்னோஸ், இந்தியாவின் காகன் போன்ற செய்மதி அமைப்புகள் இதைவிட உறுதியான வழியைக் காட்டக்கூடியவை. 2006 டிசம்பர் 27 அன்று இங்கிலாந்தின் மோர்காம் குடாவில் இரவில் மேடையை நெருங்கிய உலங்குவானூர்தி கடலில் வீழ்ந்து ஏழு பேர் இறந்தனர். 2009 பெப்ரவரி 18 இரவு வடகடலில் மற்றொன்று மேடையருகே கடலைத் தொட்டது. அதிலிருந்த 18 பேரும் உயிர் தப்பினர். இறுதிக் கட்டத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பதை விமானி ஐயமின்றி அறிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

மன்னார்ப் படுகையில் 2011 இல் எரிவாயு கண்டறியப்பட்ட பின்னர், இத்தகைய செய்மதி வழிகாட்டலைப் பறந்து பார்க்கும் சோதனை ஒருநாள் நம் கடலிலும் தேவைப்படும் என்று நான் எண்ணுகிறேன். திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து புறப்பட்டு கிழக்குக் கடலில் அதைச் செய்வதாக வைத்துக்கொண்டால், செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு வடகடலின் சோதனைத் திட்டத்தை அப்படியே பிரதி எடுப்பதாகும்.

உயரத்திலிருந்தே அது தொடங்குகிறது. செய்மதிக் கருவி கணிக்கும் உயரம் பூமியின் கணித வடிவமான நீள்வட்டத்திலிருந்து அளக்கப்படுவது, கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவதன்று. வடகடலில் கடல்மட்டம் அந்த நீள்வட்டத்துக்கு 40 மீற்றருக்கும் மேலே உள்ளது. இலங்கைக்குத் தெற்கேயோ உலகிலேயே மிகத் தாழ்ந்த ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது. அதன் அடியில் கடல்மட்டம் நீள்வட்டத்துக்கு ஏறத்தாழ 106 மீற்றர் கீழே கிடக்கிறது. திருகோணமலையிலும் இந்த வேறுபாடு 90 மீற்றரைத் தாண்டும். இறங்குதளம் கடல்மட்டத்திலிருந்து 30 மீற்றர் உயரம் என்று வைத்து, அந்த எண்ணையே நீள்வட்ட உயரமாகக் கருவியில் பதிந்தால், வடகடலில் வழி கடலுக்குள் இறங்கும். இங்கே தளத்துக்கு மேலே 90 மீற்றர் தூக்கி நிற்கும். உயரமாகத்தானே போகிறது, ஆபத்தில்லை என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. மேகத்தினுள் மேடையைக் காணாத விமானி தாழ இறங்கித் தேடவே முனைவார். அந்த வேறுபாட்டின் கூட்டல், கழித்தல் குறியை யாரேனும் தலைகீழாகப் போட்டுத் 'திருத்தினால்' பிழை இரட்டிப்பாகும். ஆகவே முதற் பறப்புக்கு முன்பே கருவியை நீர்மட்டத்தில் வைத்து, அது காட்டும் எண்ணைக் கையால் எழுதி ஒப்பிட வேண்டும்.

இடக்குறிப்பிலும் இதே கவனம் வேண்டும். இலங்கையின் பழைய நில அளவைப் படங்கள் எவரெஸ்ட் 1830 நீள்வட்டத்தின்மீது அமைந்தவை. அவற்றின் ஆள்கூறுகளை மாற்றாமல் ஜிபிஎஸ்ஸில் இட்டால் இடம் நூறு மீற்றருக்கும் மேல் நகர்ந்துவிடும். ஆள்கூற்றில் 34 நிமிடம் 30 விநாடி என்பதை 34.30 நிமிடம் என்று பதிவது இன்னொரு பழக்கப்பிழை. அது 370 மீற்றர் விலகலைத் தரும். மேடைக்குப் பதிலாகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட கப்பலைக் குறியாகக் கொள்வோரும் உண்டு. வாடைக் காற்றுக்கும் கச்சானுக்கும் நங்கூரக் கப்பல் எப்படிச் சுழன்று திரும்பும் என்பது இங்குள்ள மீனவருக்கு நன்கு தெரியும். காலையில் எடுத்த ஆள்கூறு மாலையில் செல்லாது.

காகனின் சைகை திருகோணமலையில் கிடைக்கிறது என்பதற்காக அதன் திருத்தமும் இங்கே பொருந்தும் என்று கொள்வது அடுத்த தவறு. அந்தத் திருத்தத்தைக் கணிக்க உதவும் 15 கண்காணிப்பு நிலையங்களும் இந்திய மண்ணிலேயே உள்ளன. நாமோ காந்த நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். சூரியன் மறைந்த பின் நள்ளிரவு வரை மேல்வளிமண்டலத்தின் மின்னேற்றப் பகுதியான அயனமண்டலத்தில் எழும் குமிழிகள் செய்மதிச் சைகையை மினுக்கச் செய்யும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி அது மேலும் கூடும். பகலில், கச்சான் காலத்துத் தெளிந்த வானில் மட்டும் பறந்து 'வெற்றி' என்று எழுதுவோர், கருவி எப்போது தடுமாறுமோ அந்த நேரத்தைத் தொடாமலே திரும்பியிருக்கிறார்கள்.

பிழை எத்தனை மீற்றர் என்று மட்டும் அளந்துவிட்டு நிறுத்துவதும் போதாது. தன் பிழை எந்த எல்லைக்குள் அடங்கும் என்று கருவியே ஒவ்வொரு கணமும் ஒரு பாதுகாப்பு எல்லையை அறிவிக்கிறது. உண்மைப் பிழை அந்த எல்லையை எச்சரிக்கையின்றி மீறியதா என்பதே சோதனையின் உயிர்க்கேள்வி. அதற்கு, உண்மையில் பறந்த பாதை எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பாதை தனியானதாக இருக்க வேண்டும்: கரையில் நிறுத்திய அடிநிலைக் கருவியோடு பின்னர் கணித்தெடுக்கும் பாதை. சோதிக்கப்படும் அதே கருவியின் தரவைச் சற்று மெருகேற்றி 'உண்மை' என்று கொள்வது கண்ணாடியிடம் சாட்சி கேட்பதாகும். இரு பதிவுகளின் நேரமும் ஒன்றுபட வேண்டும். ஜிபிஎஸ் நேரம் 2017 முதல் உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முந்தியிருக்கிறது. மணிக்கு 70 கடல்மைல் வேகத்தில் அது ஏறத்தாழ 650 மீற்றர், அதாவது விமானி விலக முடிவெடுக்கும் 0.75 கடல்மைல் தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி.

மேடைக்கு ஓடுபாதை இல்லை. வழி காற்றுக்கு எதிராக அன்றன்று அமையும். ஒரே திசையில் இருபது முறை பறப்பது இருபது சோதனையாகாது. காற்றுத் திசையைத் தலைகீழாகப் பதிந்தால் திரை என்ன காட்டுகிறது, மேடை தெரியாமல் விலகித் திரும்பும்போது வழிகாட்டல் தொடர்கிறதா என்பவற்றையும், தேர்ந்த சோதனை விமானியோடு நின்றுவிடாமல் அன்றாடம் பறக்கும் விமானியிடமும் பார்க்க வேண்டும்.

இறுதியாக, கெட்டுப்போன பறப்பின் பதிவை அழிக்காதீர்கள். சைகை அறுந்த ஒரு நாற்பது விநாடித் தரவு, பிசகில்லாத பத்துப் பறப்புகளைவிடப் பயன் தரக்கூடியது. அன்றைய நேரம், காற்று, அலைவாங்கியின் நிலை, விமானி சொன்ன சொற்கள் ஆகிய அனைத்தையும் அதனோடு சேர்த்தே வைத்திருங்கள்.